கார்த்திகைக் காற்றும் மாசி வெயிலும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வந்து வானிலை பற்றிப் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். சாலையில் விற்கும் எதுவும் சாலையில் விளைவதில்லை. தோவாளையில் மழை பெய்தால் கிழக்கே கோட்டையில் பூ விலை மாறுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, களியக்காவிளை வழியாக லாரி வந்தால்தான் காலையில் காய்கறிக் கடை களைகட்டும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் இந்தத் தெருவை அமைத்த நாள்முதல் இதுதான் நிலை. மலைக்கு அந்தப் பக்கத்து வானமும் நம் வானம்தான். எனவே சாலைக்காரர்கள் இரண்டு மழைக்காலத்தையும் சேர்த்தே கணக்குப் போட்டாக வேண்டும்: இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக்கு மேற்கே பார்க்கவேண்டும், துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழைக்குக் கிழக்கே பார்க்கவேண்டும்.

ஊரைப் பற்றி ஒரு பெருமையைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கியது 1875-இல். அதற்கு 38 ஆண்டுகளுக்கு முன்பே, 1837-இல், சுவாதித் திருநாள் மகாராஜா இங்கே ஒரு வானாய்வகம் கட்டிவிட்டார். முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட், ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்தவர். வணிகம் பார்த்தவர் வானம் பார்க்கப் போனார் என்பதைச் சாலைக்காரர்கள் குறித்துக்கொள்ளலாம். அவர் 1840-களில் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளை மண்ணுக்குள் புதைத்து, இந்த ஊர் மண்ணின் சூட்டை ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்தார். அவருக்குப் பின் 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இன்னும் பிடிவாதக்காரர். கருவிகளைக் காட்டு வழியில் சுமக்க வைத்து, அகத்தியமலை உச்சியிலே ஓர் ஆய்வகம் அமைத்தார். கீழே ஒரு கணக்கு, ஆறாயிரம் அடிக்கு மேலே ஒரு கணக்கு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தச் சுமையைத் தூக்கியவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சுமை தூக்குகிறவர்களைப் பற்றி இன்று பின்னால் மறுபடியும் பேசவேண்டியிருக்கிறது.

ஆக, அளந்து எழுதும் பழக்கம் நமக்குப் பழையது. அளந்ததை உரியவரிடம் உரிய நேரத்தில் கொண்டுசேர்க்கும் பழக்கம்தான் இன்னும் முழுதாக வரவில்லை. நான் சொல்லவந்தது இதுதான். மூன்று குளிர்கால நிகழ்ச்சிகளையும் ஒரு வெயிலையும் வைத்து இதைச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. 2017 நவம்பர் 29 காலையில் இலங்கைக்குத் தென்கிழக்கே, வங்கக்கடலின் தென்மேற்கு மூலையில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் காலை எட்டரை மணிக்கு அது குமரிக்கடலில் ‘ஒக்கி’ என்ற புயல். இடையில் 24 மணி நேரம்தான். அந்த 24 மணி நேரத்துக்குள் பூந்துறையிலிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும் வள்ளங்கள் கடலுக்குப் போயிருந்தன. நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் பக்கத்து விசைப்படகுகளோ பல நாள் முன்பே போய், லட்சத்தீவுக்கு அப்பால் சுறாவுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தன. ஒக்கி வந்து போனபின் குமரி மாவட்டத்திலும் நம் மாவட்டத்திலுமாக நூற்றுக்கணக்கான வீடுகளில் ஆண்கள் திரும்பவில்லை. பல உடல்களை மரபணுச் சோதனை செய்துதான் அடையாளம் காண முடிந்தது. பல உடல்கள் கிடைக்கவே இல்லை.

எச்சரிக்கை விடவே இல்லை என்று அன்று கரையில் பேசிக்கொண்டார்கள். விட்டோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். இரண்டிலும் உண்மை இருந்தது. கடலுக்குப் போகவேண்டாம் என்ற அறிவிப்பு 29-ஆம் தேதியே வந்தது. ஆனால் ‘தாழ்வு மண்டலம்’ என்பது கடற்கரையில் ஆண்டுக்குப் பலமுறை காதில் விழுகிற சொல். அதைக் கேட்டு ஒவ்வொரு முறையும் வலையைச் சுருட்டி வைத்தால் அடுப்பு எரியாது. ‘புயல்’ என்ற சொல் வந்தபோது 30-ஆம் தேதி முற்பகலாகிவிட்டது; அதற்குள் இந்த ஊரிலேயே மரங்கள் சாயத் தொடங்கிவிட்டன. ஏற்கெனவே கடலில் இருந்தவர்களுக்கு எந்தச் சொல்லுமே போய்ச் சேரவில்லை. படகில் இருக்கும் விஎச்எஃப் வயர்லெஸ் கரையிலிருந்து இருபது, இருபத்தைந்து கடல் மைல் வரை பேசும். இருநூறு மைலுக்கு அப்பால் அது வெறும் பெட்டி.

இப்படி ஒரு நாளுக்குள் புயலாக முற்றியது ஏன்? நாம் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருக்கிறோம். புயல் சுழலவேண்டுமானால் பூமியின் சுழற்சி தரும் திருகல் வேண்டும். அது துருவத்தில் முழு அளவு, பூமத்திய ரேகையில் ஒன்றுமில்லை. எட்டரை டிகிரியில் இருக்கும் நமக்கு அதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. சென்னைக்குக் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. அதனால்தான் குமரிக்கடலில் புயல் பிறப்பது அபூர்வம். அபூர்வம் என்பதாலேயே பழைய பதிவுகள் குறைவு. பதிவு குறைந்தால் கணினி மாதிரிகளைச் சோதித்துப் பார்க்க முன்னுதாரணங்களும் குறைவு. அதோடு, இந்த அட்சரேகையில் பிறக்கும் புயல்கள் பெரும்பாலும் சிறியவை. சிறியவை சட்டென்று முற்றும், சட்டென்று கரையும். ஒக்கி கரையவில்லை. அடியில் கடல் வெதுவெதுப்பாக இருந்தது. டிசம்பர் முதல் தேதிக்குள் அதிதீவிரப் புயலாகி, லட்சத்தீவுகளைக் கடந்து, வடக்கே திரும்பி, 5-ஆம் தேதி இரவு குஜராத் கரையை அடைந்தபோதுதான் சக்தியெல்லாம் போய் வெறும் தாழ்வுப் பகுதியாக ஓய்ந்தது.

அரபிக்கடல் முன்புபோல் இல்லை என்று மீனவர்கள் சொல்வதை ஆய்வாளர்களும் இப்போது சொல்கிறார்கள். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2001-க்குப் பிந்தைய இருபது ஆண்டுக் காலத்தில், அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளைவிட அரபிக்கடல் புயல்கள் ஏறத்தாழப் பாதி மடங்கு கூடியிருக்கின்றன. எண்ணிக்கை கூடுவதைவிடக் கடுமை கூடுவது பெரிது. ஆனால் ஒக்கியை முழுக்கக் கடல் வெப்பத்தின் தலையில் கட்டுவதும் சரியில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயலும் இந்தத் தாழ்ந்த அட்சரேகை வழியாக வந்ததுதான். அப்போது யாரும் புவி வெப்பம் பற்றிப் பேசவில்லை.

ஒக்கியால் சில மாற்றங்கள் வந்தன. அதுவரை நம் கரைக்கான புயல் எச்சரிக்கை சென்னையிலிருந்து வந்தது. 2018-இல் திருவனந்தபுரத்திலேயே புயல் எச்சரிக்கை மையம் வந்தது. இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள் வழியே நடுக்கடலுக்கும் செய்தி அனுப்பும் கருவிகள் படகுகளுக்கு வந்தன. ஹைதராபாதிலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் 2019-இல் ‘ஜெமினி’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. இவை பெரும்பாலும் ஒருவழி: கரை பேசும், படகு கேட்கும். பதில் பேசவும் வழிசெய்யும் ட்ரான்ஸ்பாண்டர்கள் பின்னால் வந்தன. துறைமுகத்தில் போய் நின்று எத்தனை படகுகளில் அந்தக் கருவி உண்மையிலேயே எரிந்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பது வேறு ஒருநாள் வேலை.

இரண்டாவது நிகழ்ச்சி நேர் எதிரானது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரிகோணமலைக்கு வடக்கே இலங்கையில் ஏறியது. மன்னார் வளைகுடாவில் இறங்கி, பாம்பனுக்கும் குமரிக்கும் இடையே கரையேறி, திருவனந்தபுரம் மாவட்டத்தின் மேலாகவே போகும் என்று வரைபடம் போட்டார்கள். ஒக்கியில் சூடுகண்ட அரசு இம்முறை எதையும் விடவில்லை. டிசம்பர் 4-ஆம் தேதி ஐந்து மாவட்டங்களுக்கு விடுமுறை. விமான நிலையத்தைக் காலை பத்து முதல் மாலை ஆறு வரை மூடினார்கள். படகுகள் எல்லாம் கரையில். மக்களை முகாம்களுக்கு அழைத்துப்போனார்கள்.

புயல் வரவில்லை. ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில், கடலிலேயே, நகராமல் நின்று வலுவிழந்தது. மழையை எல்லாம் எங்கோ கொண்டுபோய்க் கடலூர் மாவட்டத்தில் கொட்டியது. சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது. இங்கே ஒரு தூறல், கொஞ்சம் காற்று. மறுநாள் எந்தக் கடைத் திண்ணையிலும் ஒரே பேச்சுதான்: “இவனுகளுக்கு வேற சோலி இல்ல. ஒரு நாள் வியாபாரம் போச்சு.”

அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஏற்கமாட்டேன். இந்தத் தெருவில் கடன் கொடுக்காமல் யாராவது வியாபாரம் செய்திருக்கிறீர்களா? நூறு பேருக்குக் கொடுத்தால் நாலு பேர் திருப்பமாட்டார்கள் என்று தெரிந்தே கொடுக்கிறோம். அந்த நாலு பேருக்காகக் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டால் மீதி தொண்ணூற்றாறும் போகும். வராத புயலுக்காக மூடிய கடை அப்படிப்பட்ட வாராக்கடன். எந்தப் பொய் எச்சரிக்கையும் வேண்டாம் என்று அடம்பிடித்தால், எச்சரிக்கை விடுகிறவர் பயந்துபோய், உறுதியாகத் தெரியும்வரை வாயைத் திறக்கமாட்டார். குமரிக்கடலில் உறுதியாகத் தெரியும் நேரத்துக்கும் அலை வந்து அடிக்கும் நேரத்துக்கும் இடையில் எத்தனை மணி நேரம் என்பதை 2017-இல் பார்த்துவிட்டோம்.

எச்சரிக்கை விடுகிறவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் காட்டுகிறார்கள். சிவப்பு என்றால் 24 மணி நேரத்தில் 204 மில்லிமீட்டருக்கு மேல் மழை என்று கணக்கு. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அது கலெக்டர் லீவு விடுவாரா மாட்டாரா என்ற கணக்கு. அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில்’ என்று வந்தால், அந்த வட்டாரத்து மழைமானி நிலையங்களில் நாலில் ஒன்றுக்கு மேல் நனையாது என்று பொருள். ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் நாலில் மூன்றுக்கு மேல். இதை எந்தத் தொலைக்காட்சியும் விளக்கிச் சொல்லி நான் கேட்டதில்லை. பூஜப்புரையில் பெய்து சாலையில் பெய்யாவிட்டால் முன்னறிவிப்பு பொய் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். காலக்கெடு வேறு ஒரு சிக்கல். மூன்று நாளுக்குச் சொல்வதை நம்பிச் சரக்கு எடுக்கலாம். ஒரு வாரத்துக்குச் சொல்வதை வைத்து யோசனை பண்ணலாம். ஒவ்வொரு வியாழனும் வானிலைத் துறை வெளியிடும் நான்கு வாரக் கண்ணோட்டம் ‘வழக்கத்தைவிடக் கூடுமா, குறையுமா’ என்பதோடு நிற்கும். அதில் தேதி தேடக்கூடாது.

மூன்றாவது நிகழ்ச்சி புயலே இல்லை. அதற்கு யாரும் பெயர் வைக்கவுமில்லை. 2023 டிசம்பர் 17, 18. குமரிக்கடல் பக்கத்தில் மேலடுக்கில் ஒரு காற்றுச் சுழற்சி, அவ்வளவுதான். தாழ்வு மண்டலம்கூட ஆகவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருவனந்தபுரத்துக்கு ஒரு முழு ஆண்டில் கிடைப்பது 180 சென்டிமீட்டரை ஒட்டித்தான். அதில் பாதிக்கு மேல் ஒரே நாளில் ஓர் ஊரில் கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, தண்டவாளத்துக்கடியில் மண் அரித்துப்போய், நூற்றுக்கணக்கான பயணிகள் இரண்டு நாள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். கனமழை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இந்த அளவை யாரும் சொல்லவில்லை. புயல் என்ற பெயர் இருந்திருந்தால் மக்கள் வேறு மாதிரி தயாராகியிருப்பார்கள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. பெயர் இல்லாத வானிலைக்கு நாம் பயப்படுவதில்லை.

பெயரே இல்லாத இன்னொன்று இருக்கிறது. நான் பேசவந்ததில் பெரிய பங்கு அதுதான்.

தனு, மகர மாதங்களில், அதாவது மார்கழி, தையில், இந்த ஊரில் விடியற்காலை கொஞ்சம் குளிரும். கும்பம் (மாசி) பிறந்தால் வெயில் ஏறத் தொடங்கும், மீனத்தில் (பங்குனி) உச்சம். இது பழைய கணக்கு. இப்போது மகரத்திலேயே புழுங்குகிறது. 1901 முதல் நாடு முழுக்க எடுத்த கணக்கில், பிப்ரவரி மாத அதிகபட்ச வெப்பத்தின் சராசரி 2023-இல் எல்லா ஆண்டுகளையும் மிஞ்சியது. சராசரி வெப்பத்தில் 2025 பிப்ரவரி அதேபோல் முதலிடத்துக்கு வந்தது. வெயிலில் நின்று வேலை செய்பவர்களுக்குப் பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஓய்வு தரவேண்டும் என்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் ஓர் உத்தரவு போடும். முன்பெல்லாம் மார்ச் மாதத்துக்குரிய அந்த உத்தரவு 2024-இல் பிப்ரவரி நடுவிலேயே வந்துவிட்டது. விஞ்ஞானிகளின் வரைபடத்தைவிட இந்த உத்தரவின் தேதி எனக்கு நன்றாகப் புரிகிறது.

‘வெப்ப அலை’ என்று அறிவிக்க ஒரு விதி உண்டு. சமவெளியில் 40 டிகிரியாவது ஆகவேண்டும், கடற்கரையில் 37. அதோடு வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடியிருக்கவேண்டும். பாலக்காடு 2024 ஏப்ரலில் அந்தக் கோட்டைத் தாண்டியது. திருவனந்தபுரம் தாண்டுவது மிக அரிது. கடல் பக்கத்தில் இருப்பதால் நம் வெப்பமானி 33, 34-இல் நின்றுவிடும். நாளிதழில் ‘34’ என்று படித்துவிட்டு, டெல்லிக்காரர் 45-இல் வாழ்கிறார், நமக்கென்ன என்று நினைத்துக்கொள்கிறோம்.

உடம்பு வெப்பமானி பார்ப்பதில்லை. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது. சட்டையில் நின்று சொட்டும். 32 டிகிரி வெப்பத்தோடு 70 சதவீத ஈரப்பதம் சேர்ந்தால் உடம்பு உணர்வது ஏறத்தாழ 41 டிகிரி. நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கே அப்படி. கிள்ளிப்பாலம் பக்கத்தில் நிற்கும் லாரியிலிருந்து ஐம்பது கிலோ அரிசி மூட்டையைத் தலையில் வாங்கி, சந்துக்குள் நடந்து, கிட்டங்கியில் அடுக்கிவிட்டுத் திரும்புகிறவருக்கு? தலையில் சும்மாடு, அதன்மேல் சாக்கு, உச்சந்தலைக்குக் காற்றே இல்லை. தார்ச்சாலை கீழிருந்து சூட்டைத் திருப்பி அடிக்கிறது. தகரக் கூரை மேலிருந்து. இரண்டு பக்கமும் கடை. காற்று புக வழியில்லை. வானாய்வகத்து வெப்பமானி புல்தரையில், வெண்மையான மரக்கூண்டில், நல்ல காற்றோட்டத்தில் இருக்கிறது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். உலகம் முழுக்க ஒரே முறை. ஆனால் அந்த மூட்டைக்காரர் நடக்கும் சந்தின் சூடு அந்தக் கூண்டுக்குத் தெரியாது.

ஆ. மாதவன் இந்தத் தெருவிலேயே பாத்திரக்கடை வைத்திருந்து, கல்லாவில் உட்கார்ந்தபடியே சுமட்டுக்காரர்களையும் தெருவாசிகளையும் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தார். அவருக்குத் தெரிந்த சாலையில் மத்தியானம் கடைக்காரர் கண்ணயர்வார். தெருவும் கொஞ்சம் அடங்கும். இப்போது ஆன்லைனில் ஆர்டர் வந்தபடி இருக்கிறது. மத்தியானத்துக்கு ஓய்வே இல்லை.

ஒப்பிட்டுப் பாருங்கள். புயலுக்குப் பெயர் உண்டு, வரைபடம் உண்டு, விடுமுறை உண்டு, நிவாரணம் உண்டு. வெயில் மயக்கத்தில் மூட்டையோடு சாய்ந்தவருக்குச் சர்பத் வாங்கித் தந்து உட்கார வைப்பதோடு சரி. இரவில் கடல் நீர் சூடாகவே கிடப்பதால் விடியற்காலையிலும் உடம்பு தணிவதில்லை. அடுத்த நாள் வேலையை அவர் பாதி களைப்போடுதான் தொடங்குகிறார். ஒரு புயல் ஒரு வாரத்தில் போய்விடும். இந்தச் சூடு மாசி தொடங்கிச் சித்திரை முடிய நிற்கிறது. ‘வெப்பமும் புழுக்கமும்’ என்று வானிலைத் துறை இப்போது தனியாக மஞ்சள் எச்சரிக்கை விடுகிறது. 2023 முதல் உடம்பு உணரும் வெப்பத்தையும் சோதனை முறையில் வரைபடமாகப் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அது மாவட்டத்துக்கு ஒரு நிறம். சாலைக்கு ஒரு நிறம் இல்லை.

அந்த நிறத்தை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. ஒரு பலகையில் இரண்டு சாதாரண வெப்பமானி. ஒன்று வெறுமனே தொங்கும். மற்றதன் குமிழில் ஈரத் துணித்திரி சுற்றியிருக்கும். திரியிலிருந்து நீர் ஆவியாகும்போது அந்தக் குமிழ் குளிரும். எவ்வளவு குளிர்கிறது என்பதே நம் வியர்வைக்கு எவ்வளவு வேலை செய்ய இடமிருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். இரண்டுக்கும் இடைவெளி ஏழெட்டு டிகிரி இருந்தால் வியர்வை வேலை செய்யும். பிற்பகலில் இடைவெளி மூன்று, நான்காகச் சுருங்கி, ஈரக்குமிழ் 29-ஐயும் தாண்டினால் மூட்டை இறக்குவதை நிறுத்திவைக்கவேண்டும். பிரௌன் காலத்திலேயே இருந்த கருவி, விலை பெரிதில்லை.

வணிகர் சங்கமும் சுமட்டுத் தொழிலாளர் சங்கங்களும் சேர்ந்து, கிழக்கே கோட்டைப் பக்கம் ஒன்று, தெரு நடுவில் ஒன்று, கிள்ளிப்பாலத்தில் ஒன்று என மூன்று பலகை வைக்கலாம். லாரிகளைக் காலை பத்து மணிக்குள், அல்லது மாலை நாலுக்குப் பிறகு, சரக்கு இறக்கச் சொல்லலாம். ஆரல்வாய்மொழி தாண்டி வரும் ஓட்டுநருக்கு முந்தின இரவே போனில் சொல்லிவிட்டால் அவர் அதற்குத் தக்கபடி கிளம்புவார். இதற்கு அரசு உத்தரவு வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. கூலியை மட்டும் முன்னாலேயே பேசி முடித்துவிடவேண்டும். மூன்று மணி நேரம் வேலை நின்றால் அந்த மூன்று மணி நேரத்துக்கான சோறு யார் பொறுப்பு என்று முடிவாகாமல் எந்தப் பலகையும் பயன்படாது. ஒக்கி அன்று வள்ளக்காரர்களைக் கடலுக்கு அனுப்பியதும் அதே சோறுதான்.

ஒரே ஒரு சிக்கல். ஈரத்திரிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றவேண்டும். வாரம் ஒருமுறை திரியை மாற்றவேண்டும். தூசி படிந்தால் கணக்கு தப்பும். மூன்று பலகைக்கும் மூன்று கடைக்காரர்கள் பொறுப்பேற்றால் போதும். முன்வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். மகரம் முடிவதற்குள் பலகையை மாட்டிவிடலாம்.